கோபத்தில் வந்த குண்டா

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் எட்டாம் வகுப்போடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் பார்க்காத வேலைகளைச் சொல்வதுதான் சுலபம். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் யானைக் காவலுக்கு இருந்தேன். தகரத்தைத் தட்டினால் யானை ஓடிவிடும் என்று சொல்லி வேலைக்கு வைத்தார்கள். யானைக்கு அந்த விவரம் தெரியாது. அது நின்று நிதானமாகத் தின்றது, நான் ஓடினேன். திருப்பூரில் பனியன் மூட்டை தூக்கினேன். கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனேன். கூலி கிடைத்த நாளில் பரோட்டா, கிடைக்காத நாளில் டீ. படுக்க இடமில்லாத காலத்தில் பஸ் ஸ்டாண்டு. சூலூர் பஸ் ஸ்டாண்டில் கொசு அதிகம், காந்திபுரத்தில் எழுப்பிவிடுகிறவர்கள் அதிகம். இரண்டில் கொசுவே மேல். எந்த ஊர், எதற்கு இங்கே படுத்திருக்கிறாய் என்றெல்லாம் அது கேட்காது.

கான்கிரீட் கிண்ணத்துக்கு நான் வந்தது அந்தச் சித்தாள் வேலையில்தான். கோயமுத்தூரில் ஒரு வீடு கட்டி முடிக்கும் தறுவாயில், அந்த வீட்டம்மா கையிலிருந்த போனைக் காட்டி, இந்த மாதிரி ஒரு கிண்ணம் சிமெண்டில் செய்ய முடியுமா என்று மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி, நான் வீடு கட்டுகிறவன், சட்டி செய்கிறவன் இல்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்படியொரு கௌரவம் எதுவும் இல்லை. ஒரு பழைய பிளாஸ்டிக் பேசினில் கலவையைக் கொட்டி, நடுவில் என் சாப்பாட்டுத் தூக்கை அழுத்தி வைத்து, மறுநாள் உருவி எடுத்தேன். வீட்டம்மா அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லி, முன்னறை மேசைமேல் வைத்தார். உள்ளே என்ன வைப்பீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் வைக்கமாட்டேன், அது சும்மா இருக்கும் என்றார். சும்மா இருப்பதற்கென்றே ஒரு சாமான் உண்டு, அதற்குக் காசும் தருகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தனை நாளும் நான் சும்மா இருந்ததற்கு யாரும் கொடுத்ததில்லை.

அந்த வீட்டம்மா சொல்லி, அலங்காரச் சாமான் விற்கும் ஒரு கடையில் என் கிண்ணங்களை எடுத்துக்கொண்டார்கள். வேலை செய்ய ஓர் இடம் வேண்டியிருந்தது. சூலூரில் ஒரு தறிக்குடோனின் பின்பாதி காலியாகக் கிடந்தது. முன்பாதியில் விசைத்தறிகள் ஓடின. பக்கத்திலேயே தறிக்காரரின் வீடு. அவர் சம்சாரத்தை நான் அக்கா என்று கூப்பிட்டேன், அவரை அண்ணா என்று. இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் குழந்தை அவர்களுக்கு.

அந்த இடத்தில் எனக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. கலவையை அச்சில் ஊற்றினால் உள்ளே காற்றுக்குமிழி நிற்கும். அச்சைத் தட்டித் தட்டித்தான் அதை வெளியேற்ற வேண்டும். இங்கே தறி ஓடும்போது தரையே அதிர்ந்தது. நான் அச்சுகளைச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு பீடி பற்ற வைத்தால் போதும், குமிழியெல்லாம் தானாக மேலே வந்து வெடித்துவிடும். கரண்ட் இல்லாத நாளில் ஊற்றிய கிண்ணங்கள் மட்டும் அம்மை போட்ட முகம்போல வந்தன. அவற்றை ஒதுக்கி வைத்திருந்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, இதுதான் இயற்கையாக இருக்கிறது, இதையே கொண்டு வா என்றார். கரண்ட் போனால் கொண்டு வருகிறேன் என்றேன். நான் விளையாட்டுப் பேசுவதாக நினைத்துக்கொண்டார்.

சிமெண்டு கையைத் தின்னும். உறை மாட்டினால் விரலுக்குக் கலவையின் பக்குவம் தெரியாது, மாட்டாவிட்டால் தோல் உரியும். நான் மாட்டாத கட்சி. கொஞ்ச காலத்தில் விரல் ரேகை அழிந்துபோய், ரேஷன் கடை இயந்திரம் என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டது. பத்து விரலையும் வைத்துப் பார்த்தேன். “ஆளு நிக்கறாரு, மிசினு இல்லீங்குது, நான் என்னங்க பண்றது” என்றார் ரேஷன் கடைக்காரர். அரிசிக்கு அக்கா வீட்டுச் சோறே கதி என்றானது.

அச்சுகளும் அக்கா வீட்டிலிருந்துதான் வந்தன. வெளி அச்சுக்குப் பழைய பேசின், உடைந்த பக்கெட் எதுவானாலும் போதும். உள்ளே அழுத்தி வைப்பதற்குத்தான் வழவழப்பான எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். அப்போதுதான் கிண்ணத்தின் உட்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கும். விலைக்கு வாங்கக் கையில் வசதியில்லை. அக்கா வீட்டுப் பரணில் கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஆனால் சும்மா கேட்டால் தரமாட்டார். அவருக்கு யார் மேலாவது கோபம் வர வேண்டும்.

நம் பக்கத்தில் சீர்ப் பாத்திரத்தில் கொடுத்தவர் பேரை வெட்டித்தான் கொடுப்பார்கள். கடையிலேயே சின்ன இயந்திரம் வைத்துப் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டித் தருவார்கள். ஆகவே அக்கா வீட்டுப் பரணில் இருந்தது பாத்திரமல்ல, சொந்தக்காரர்கள். சித்தி பேத்தியின் கல்யாணத்துக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினார்கள் என்று தெரிந்த அன்று, சித்தி கொடுத்த தூக்குப்போசி என் குடோனுக்கு வந்தது. “இந்தா தம்பி, இதுல என்ன வேணா ஊத்திக்க. மூஞ்சிலயே ஊத்து.” சின்ன மாமியார், அக்கா வைத்த குழம்பில் உப்பு இல்லை என்று நாலு பேர் முன்னால் சொன்ன வாரம் ஒரு சம்புடம் வந்தது. சமாதானம் ஆனதும் பாத்திரம் திரும்பிப் போய்விடும். சில சமயம் கலவையோடு இருக்கும்போதே வந்து கேட்பார். “சித்தி நேர்ல வந்து மாப்புக் கேட்டுப்போட்டாங்க தம்பி. போசியக் குடு.” சித்தியைக் கொஞ்சம் காயவிட்டுத் தருகிறேன் என்பேன்.

அவர் குடும்பத்தில் யாருக்கும் யாருக்கும் ஆகாது என்பது எனக்கு இப்படித்தான் தெரியவந்தது. நாலு பக்கமும் சண்டை நடந்த ஆடி மாதத்தில் என்னிடம் எட்டு அளவில் கிண்ணம் இருந்தது.

பாத்திரத்தின் வெளிப்பக்கம் வெட்டிய பேர் கிண்ணத்தின் உட்பக்கத்தில் அப்படியே பதியும், ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக. சிமெண்டு அந்த விஷயத்தில் மனிதரைவிட ஞாபகக்காரன், ஒரு புள்ளியை விடாது. தேய்த்து எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கடையில் ஒருவர் அதைத் தடவிப் பார்த்து, இது என்ன பழங்கால எழுத்தா என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஆமாம் என்று சொல்லிவிட்டார். அக்காவின் சின்ன மாமியார் பேர் இன்றைக்கும் ஏதோ ஒரு பெரிய வீட்டு வரவேற்பறையில் பழங்கால எழுத்தாக இருக்கிறது. நான் தேய்ப்பதை விட்டுவிட்டேன்.

இனி குண்டாவுக்கு வருகிறேன். அக்காவுக்கு ஒரே அண்ணன். கொடுமுடியில் கரும்பும் மஞ்சளும் போடுகிறவர். தங்கை கல்யாணத்துக்கு அவர் கொடுத்த சீரில் தலையாயது ஒரு சோற்றுக் குண்டா. வாய் அகலம், அடி கொஞ்சம் குறுகல், கனத்த தகடு, விளிம்புக்குக் கீழே அவர் பேர். ஒரு பந்திக்கான சோறு தாராளமாகக் கொள்ளும்.

அக்காவின் வீட்டுக்காரர், அந்தத் தறிக்காரர், சாது. ஆனால் சின்ன வயதிலிருந்து தறிச் சத்தத்தில் நின்றதால் காது கொஞ்சம் மந்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை வேறு. அவர் ரகசியம் சொன்னால் மூன்றாவது வீட்டில் கேட்கும். தாம் மெதுவாகத்தான் பேசுகிறோம் என்று அவர் மனதார நம்பினார். வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று, முதல் பந்தியில் இடம் போதவில்லை. அவர் சமையல்காரர் காதருகில் போய், “மச்சான் நம்மாளுதான, அவர ரெண்டாவது பந்தில பாத்துக்கலாம்” என்று ரகசியமாகச் சொன்னார். பந்தல் முழுக்கக் கேட்டது. கை கழுவப் போய்க்கொண்டிருந்த அண்ணனும் கேட்டார்.

அண்ணன் அன்று சொல்லிவிட்டுப் போன வாக்கியம் குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். “நான் குடுத்த குண்டா மொதப் பந்தில சோறு போடுது. குடுத்தவன் ரெண்டாவது பந்தி. நல்லா இருங்க.” கை நனைக்காமல் வண்டி ஏறினார். அதோடு வரவு போக்கு நின்றது.

இதில் மாட்டிக்கொண்டது குழந்தையின் காது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். இருப்பது ஒரே மாமன், அவர் கொடுமுடியில் முறுக்கிக்கொண்டு இருக்கிறார். இரண்டாம் வகுப்பு வந்தும் குழந்தைக்குக் காதில் துளை இல்லை. ஒட்டுகிற தோடு வாங்கி ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். ஒரு சின்ன கண்ணாடியைக் கையிலேயே வைத்திருக்கும், தோடு இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு. என் கிண்ணம் ஒன்றின் அடியில் ஒரு தோடு பதிந்து வந்ததும் உண்டு. அக்கா போகிற விசேஷ வீடுகளில் எல்லாம் முதலில் குழந்தையின் காதைத்தான் பார்த்தார்கள்.

அந்த வருஷப் பொங்கலுக்கு அக்கா போன் செய்து அழைத்தும் அண்ணன் வரவில்லை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் குண்டா என் குடோன் வாசலுக்கு வந்துவிட்டது. “வெச்சு நான் என்ன பண்றது. சிமிட்டிய ஊத்து” என்றார் அக்கா. எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது. ஒரு பெரிய ஓட்டலில், பூ மிதக்கவிடுகிற மாதிரி அகலமான கிண்ணம் கேட்டிருந்தார்கள். அந்த அளவுக்கு உள் அச்சு கிடைக்காமல் நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

குண்டாவின் வெளிப்பக்கம் முழுக்கத் தேங்காயெண்ணெய் தடவி, வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கலவை குழைக்கப் போனேன். எண்ணெய் முக்கியம். அது இருந்தால்தான் சிமெண்டு பாத்திரத்தைப் பிடிக்காது. குழைத்து, பெரிய பேசினில் ஊற்றி, குண்டாவை எடுத்துவந்து நடுவில் அழுத்தி, உள்ளே கல்லை வைத்துக் கனம் கொடுத்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. குமிழிகள் நல்ல பிள்ளைகளாக வெளியே வந்தன. எல்லாம் சரியாக நடந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மறுநாள் பேசினைக் கழற்றினேன். கிண்ணம் அழகு. குண்டாவைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. திருகினேன். கிண்ணமும் சேர்ந்து திரும்பியது. அக்காவைக் கூப்பிட்டேன்.

“ஏனுங்கக்கா, நேத்து குண்டாவ யாராச்சும் தொட்டீங்களா?”

“நான்தான். ஒரே எண்ணெய்ப் பிசுக்கா இருந்துச்சு. சோப்பப் போட்டு நல்லா வெளக்கி, தொடச்சுத்தான் கவுத்து வெச்சேன்.”

கோபத்தில் தூக்கி எறிந்த பாத்திரம்தான். ஆனாலும் அழுக்காகக் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது.

“எண்ணெய் நான் தடவுனதுங்க.”

“அதச் சொல்றதில்லையா? தடவறவன் தடவிப்போட்டுப் போயிட்டா எனக்கு எப்புடித் தெரியும்? ஊத்தறப்ப நீ பாக்கலையா?”

“பளபளன்னு இருந்துச்சு. எண்ணெய்ன்னு நெனச்சனுங்க.”

“அது என்ற கை வெளக்கு” என்றார் அக்கா, அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையோடு.

அப்போதும் யாருக்கும் பெரிய வெசனம் இல்லை. குண்டா போனால் போகட்டும் என்ற கோபம் அக்காவுக்கு இன்னும் மிச்சம் இருந்தது. அன்று சாயங்காலம் கொடுமுடியிலிருந்து போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார். அண்ணன் குரல் கரகரவென்று வந்தது.

“ஏங் கண்ணு, புள்ளைக்கு இன்னும் காது குத்தலையாமா?”

“மாமன் மடி இல்லாம எப்புடிங்ணா குத்தறது?”

“ஞாயித்துக்கெழம வாரேன். வந்து பேசிக்கலாம். மடில வெக்கறேனா இல்லையாங்கறது வந்து பாத்துத்தான்.” அப்புறம் ஒரு கேள்வி. “நான் குடுத்த குண்டா இருக்குதா, எடைக்குப் போட்டாச்சா?”

“என்னங்ணா இப்புடிக் கேக்கறீங்க? தெனமும் அதுலதான் சோறு.”

போனை வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். நான் கிண்ணத்தைப் பார்த்தேன்.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள கழட்டிக் குடுத்துரு தம்பி. புள்ள காது உன்ற கையிலதான் இருக்குது.”

கான்கிரீட்டை உடைத்தால் தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். ‘ணங்’ என்று குண்டா கத்தியதும் அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். ஒரு நசுங்கல் விழுந்தாலும் அண்ணன் கண்டுபிடித்துவிடுவாராம். கண்டுபிடித்தால், ‘என் குண்டாவை வீசி எறிந்திருக்கிறார்கள்’ என்று ஆகிவிடுமாம். கட்டிங் மிஷின் வைத்து அறுக்கலாம் என்றால் தகட்டில் கோடு விழும். குண்டாவுக்குள் வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். தகடு விரிந்து இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. கல் அறுக்கிற ஒருவர் பக்குவமாக எடுத்துத் தருவதாகச் சொன்னார். அவர் திங்கட்கிழமைதான் வருவாராம். நான் முருங்கை மரத்தடி, பஸ் ஸ்டாண்டு, எந்த இடத்தில் படுத்தாலும் தூங்குகிறவன். அந்த வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை. குழந்தை ஒவ்வொரு நாளும் வந்து, “மாமா வருமா, குண்டா வருமா?” என்று இரண்டையும் சேர்த்தே கேட்டது.

வீட்டுக்காரர் தம் பங்குக்குத் தினமும் வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “கழண்டுச்சா?” என்று ரகசியம் கேட்பார். தெருவில் போகிறவர்கள், “இன்னும் இல்லீங்களா?” என்று திருப்பிக் கேட்கும் அளவுக்கு விஷயம் பரவிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. சூலூரில் எங்கள் தெரு அன்றைக்கு மட்டும் காதடைத்துப்போன மாதிரி இருக்கும். அந்த அமைதியில் அண்ணன் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, பெரிய மீசை, கையில் கரும்புக்கட்டு ஏதும் இல்லை. சீர் கொண்டுவராமல் கைவீசி வந்திருப்பதை அக்கா முதலில் கவனித்தார்.

“வாங்க மச்சான்” என்றார் வீட்டுக்காரர்.

“வந்தனுங்க மாப்பிள்ளை” என்று சுவரிடம் சொன்னார் அண்ணன்.

சேரில் உட்கார்ந்தார். அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். “இருக்கட்டும் அம்மணி, தாகமில்ல.” காப்பி? “வழீல குடிச்சேன்.” வழியில் அவர் எதுவும் குடித்திருக்க மாட்டார் என்று காய்ந்த உதடு சொன்னது. இந்த வீட்டில் கை நனைப்பதா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. கை நனைத்தால் மடி உண்டு. இல்லாவிட்டால் குழந்தை ஒட்டுத்தோடோடு மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியதுதான்.

“சோறு ஆக்கிட்டயா கண்ணு?”

“ஆச்சுங்ணா. எல போடட்டுங்களா?”

“எல கெடக்குது. சோத்த எதுல வெச்சிருக்க, அதக் கொண்டா பாக்கலாம்.”

வீட்டுக்காரர் மெதுவாக என் பக்கம் சாய்ந்தார். “கழண்டுச்சா?”

தறி ஓடாத அமைதியில் அது தேர் இழுக்கிறவர்கள் குரல்போலக் கேட்டது. “என்னது கழண்டுச்சான்னு கேக்கறாரு?” என்றார் அண்ணன்.

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “வாங்ணா, கொல்லைக்கு வாங்க, காட்டறேன்” என்று எழுந்துவிட்டார்.

கொல்லையில், உச்சி வெயிலில், ஒரு ஸ்டூல்மேல் என் கிண்ணம் இருந்தது. அதற்குள் குண்டா. குண்டாவின் விளிம்பு மட்டும் வெளியே மினுங்கியது. அண்ணன் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

“என்ன அம்மணி இது? என்ற குண்டாவுக்குச் சிமிட்டி போட்டு வெச்சிருக்கற?”

“ஆமாங்ணா. நீங்க குடுத்தது ஒண்ணே ஒண்ணு. ஒறம்பரைக சொந்தக்காரங்கன்னு வந்தா அத எரவல் குடு, இத எரவல் குடுன்னு தூக்கிட்டுப் போறாங்க. போனது திரும்பறதில்ல. அதுதான், எங்கண்ணன் குண்டாவ ஒருத்தனும் தூக்கக்கூடாதுன்னு தம்பிகிட்டச் சொல்லி கான்கிரீட்டு போட்டுட்டேன்.”

நான் அந்த அக்காவின் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவர் கைத்திறனை முழுதாகக் கண்டேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். “ஏப்பா, நெசந்தானா?”

“வேற எந்தப் போசிக்கும் இப்புடி ஆனதில்லீங்க” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

“சோறாக்கறதுன்னா? கழுவறதுன்னா?”

“அதெல்லாம் பொழங்கிக்கலாங்ணா. இப்பப் பாருங்க” என்று அக்கா உள்ளே ஓடினார். ஒரு பானை மோரையும், ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ்கட்டிகளையும் கொண்டுவந்து குண்டாவுக்குள் கொட்டினார். கறிவேப்பிலை, பச்சை மிளகாய் எல்லாம் மிதந்தன. ஓட்டல்காரர்கள் கேட்ட பூவைவிட அது நன்றாகத்தான் இருந்தது. “மொண்டு குடிங்ணா.”

அண்ணன் மீசையைத் தடவினார். வெயில் மண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. உண்மையிலேயே அவருக்குத் தாகம். டம்ளரை வாங்கிக்கொண்டு நின்றார். அதை உள்ளே விட்டால் விரல் நனையும். அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வீட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தைரியமாக இருந்தது. மூச்சு விட்டால் ஏதாவது பேசிவிடுவார்.

கடைசியில் அண்ணன் ஒரு கையால் குண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டம்ளரை முக்கினார். விரல் நனைந்தது. குடித்தார். மறுபடி முக்கினார். இரண்டாவது தடவை வசதிக்காக விளிம்பைத் தம் பக்கமாக இழுத்தார்.

‘ப்ளக்’ என்று ஒரு சத்தம்.

வெளியே கிண்ணம் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே தகடு ஐஸ் மோரில் சுருங்கிவிட்டது. ஒரு வாரம் நான் வெந்நீர் ஊற்றிக் கெடுத்ததைத் குளிர்ந்த மோர் சரிசெய்துவிட்டது. குண்டா முழுசாக, ஒரு கீறல் இல்லாமல், மோர் தளும்ப அண்ணன் கையோடு வந்துவிட்டது. கொல்லையில் ஒரு கோழி மட்டும் நடந்தது.

அண்ணன் கையில் குண்டாவோடு நின்றார். “ஒருத்தனும் தூக்க முடியாதுன்ன?”

அக்காவின் முகத்தில் பொங்கல் கோபம், சோப்பு, பொய் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. அப்போது வீட்டுக்காரர் பிடித்திருந்த மூச்சை விட்டார். அக்கா காதருகில் போய் ரகசியம் சொன்னார்.

“எதுக்குப் புள்ள பொய்யெல்லாம்? மச்சான் மடி இல்லாட்டி புள்ளைக்குக் காதே குத்த வேண்டாம்னு நான் அன்னிக்கிருந்து சொல்றனல்ல, அத அப்புடியே சொல்லியிருந்தாப் போதாதா? அன்னிக்குப் பந்தில நான் பண்ணுனது தப்புன்னு எனக்கே தெரியும். அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லத்தான் வெக்கமா இருக்குது.”

அடுத்த தெரு நாய்கூடக் குரைத்தது. அண்ணன் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. குண்டாவைக் கீழே வைத்துவிட்டு, காலியான கிண்ணத்துக்குள் பார்க்க ஆரம்பித்தார். அவர் எதையாவது பார்க்க வேண்டியிருந்தது. உட்பக்கம் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருந்தது. அதில் ஓரிடத்தில் புள்ளி புள்ளியாக மேடு தட்டியது. தடவிப் பார்த்தார்.

“இது என்னப்பா?”

“உங்க பேருங்க” என்றேன். “குண்டாவுல வெட்டியிருந்தது சிமெண்டுல ஏறிருச்சு. இடம் வலமாத்தான் இருக்கும்.”

அதற்குள் குழந்தை தன் சின்னக் கண்ணாடியோடு வந்து கிண்ணத்துக்குள் தலையை விடப் பார்த்தது. எட்டவில்லை. அண்ணன் ஸ்டூலில் இருந்த கிண்ணத்தை இறக்கித் தரையில் வைத்து, அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். குழந்தை கண்ணாடியை உள்ளே நீட்டி, அதில் தெரிந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தது. மாமனின் பேரை அது அதுவரை சரியாக அறிந்ததில்லை. மாமா என்று மட்டும்தான் தெரியும். முழுப் பேரையும் படித்து முடித்ததும், “இது நீங்களா?” என்று கேட்டது.

“நான்தாங் கண்ணு” என்றார். பிறகு கொஞ்ச நேரம் அந்தப் பேரையே தடவிக்கொண்டிருந்தார். “எங்கூரு பஸ் ஸ்டாப்புல ஒரு பெஞ்சு போட்டுக் குடுத்தேன். ஒவ்வொரு எலக்சனுக்கும் என்ற பேரு மேல சுண்ணாம்ப அடிச்சுப்போடறாங்க. இது நிக்குமா?”

“உடைச்சாத்தானுங்க போகும்.”

“அப்ப இத நான் எடுத்துக்கறேன். குண்டாவ நீங்க வெச்சுக்குங்க.” எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த குழந்தையின் காதுமடலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். ஒட்டுத்தோடு கையோடு வந்துவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். “மாப்பிள்ளை, நாள் பாத்தாச்சுங்களா?”

“நீங்க சொல்றதுதானுங்க மச்சான் நாளு” என்று வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். தெருவிலிருந்து யாரோ, “தையிலயே வெச்சுக்குங்க” என்று பதில் சொன்னார்கள்.

ஓட்டல்காரர்களுக்கு நான் வேறு கிண்ணம் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு உள் அச்சு கிடைக்க மாசியில் அக்காவுக்கு ஒரு நாத்தனாரோடு சண்டை வரும்வரை காத்திருந்தேன்.

காது குத்து கோயிலில் நடந்தது. குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து, ஊசி பட்டதும் அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. அவர் அசையவில்லை. வெயிலுக்குக் கண் கலங்கியது என்று பிறகு சொன்னார். பந்தி போட்டபோது முதல் பந்தியில், முதல் இலையில் அண்ணன். வீட்டுக்காரரே நின்று பரிமாறினார். சோறு வேறு அண்டாவிலிருந்து வந்தது. அக்கா அந்தக் குண்டாவை இரண்டாம் பந்திக்குத்தான் வெளியே எடுக்கச் சொல்லியிருந்தார்.

நான் மூன்றாம் பந்தி. பாயசம் தீர்ந்துவிட்டது.